பறக்கறத யாரும் கத்துக்கொடுக்கறதில்ல, இறங்கறதத்தான் கத்துக்கணும்: நகரத்து வல்லூறு குஞ்சுங்களப் பத்தி ஒரு பதில்

நீங்க கேட்டத ஒரு தடவ திரும்பச் சொல்லிடறேன், அப்பதான் பின்னாடி படிக்கறவங்களுக்கும் புரியும். உங்க ஜன்னலுக்கு எதிர்ல இருக்கற உயரமான கட்டடத்து விளிம்புல ஒரு பெரிக்ரின் ஃபால்கன் ஜோடி, அதாவது பொரி வல்லூறு, மூணு குஞ்சு பொரிச்சிருக்கு. ரெண்டு மூணு நாளா பெரிய பறவை இரைய கால்ல பிடிச்சுக்கிட்டு குஞ்சுங்க கண்ணு முன்னாடியே சுத்திக் காட்டிட்டு தராம போயிடுது. இன்னிக்குக் காலைல ஒரு குஞ்சு வெளிய குதிச்சு, படபடன்னு அடிச்சுக்கிட்டுப் போய், ஏழெட்டு மாடி கீழ ஒரு ஜன்னல் திட்டுல ஒட்டிக்கிட்டு மணிக்கணக்கா அசையாம கிடக்கு. பட்டினி போட்டுத்தான் பறக்கக் கத்துக்கொடுக்குதா, நான் ஏதாவது பண்ணணுமான்னு கேட்டிருக்கீங்க. இதுல உண்மைல ரெண்டு கேள்வி இருக்கு. ஒண்ணு, குஞ்சுக்கு பறக்கறது எங்கருந்து வருது, அதுல அப்பா அம்மாவோட பங்கு என்ன. இன்னொண்ணு, நீங்க பாக்கறது ஆபத்தா இல்ல வழக்கமா நடக்கறதுதானா. ரெண்டாவதுக்கு உடனே பதில் சொல்லிடறேன்: நீங்க எழுதியிருக்கறத வெச்சுப் பாத்தா இது வழக்கமா நடக்கறதுதான், இப்போதைக்கு எதுவும் பண்ண வேண்டாம், தூரத்துல இருந்து பாத்துக்கிட்டே இருங்க. ஏன்னு விளக்கத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

நான் அடிபட்ட இரைகொல்லிப் பறவைகள பராமரிக்கற வேலைல பல வருஷமா இருக்கேன், குஞ்சு பறக்கற சீசன் வந்தா கட்டடத்துக்குக் கீழ பைனாகுலரோட காவல் நிக்கற குழுக்கள்லயும் இருந்திருக்கேன். அதனால சொல்றது பெரும்பாலும் கண்ணால பாத்தது, கொஞ்சம் படிச்சது. ஆனா உங்க குஞ்ச நான் நேர்ல பாக்கல, அது சரியா எத்தன நாள் குஞ்சுன்னு எழுத்த மட்டும் வெச்சு சொல்ல முடியாது. அதோட நான் சொல்ற நாள் கணக்கெல்லாம் பெரிக்ரினுக்குத்தான், உங்களது கெஸ்ட்ரெல் மாதிரி சின்ன வல்லூறா இருந்தா அது ஒரு மாசத்துலயே கிளம்பிடும்.

முதல்ல உறுதியா தெரிஞ்சத சொல்றேன். சிறகடிச்சுப் பறக்கறத எந்தப் பறவைக்கும் பாடமா சொல்லித் தர வேண்டியதில்ல. 1870கள்ல டக்ளஸ் ஸ்பால்டிங்னு ஒரு ஆங்கிலேயர் தகைவிலான் குஞ்சுங்கள சிறக விரிக்கக்கூட இடமில்லாத சின்னப் பெட்டிக்குள்ள வளத்து, பறக்கற வயசு வந்ததும் திறந்துவிட்டுப் பாத்தார், அதுங்க பறந்துடுச்சு. 1939ல ஜெர்மனில புறா குஞ்சுங்கள குழாய்க்குள்ள அடைச்சு, ஒரு தடவகூட சிறகடிக்க விடாம வளத்தாங்க, கூட்டுல தாராளமா சிறகடிச்சு வளந்த புறாங்களோட சேத்து விட்டப்போ பறக்கறதுல பெருசா வித்தியாசமே இல்ல. இப்ப யாரும் இப்படிப் பண்ண மாட்டாங்க, பண்ணவும் கூடாது, ஆனா கேள்விக்கு நேரடியான பதில் அந்தச் சோதனைகள்ல இருக்கு. நரம்பும் தசையும் முதிர்ந்தா பறக்கறது தானா வந்துடுது.

வல்லூறுங்க விஷயத்துல இதவிடப் பெரிய ஆதாரமே இருக்கு. டிடிடி பூச்சிமருந்தால முட்டை ஓடு மெலிஞ்சு, அடைகாக்கறப்பவே உடஞ்சு போய், அமெரிக்காவுல மிசிசிப்பி ஆத்துக்குக் கிழக்க இருந்த பெரிக்ரின் எல்லாம் அழிஞ்சு போச்சு, 1964ல கணக்கெடுத்தப்போ அந்தப் பக்கம் குஞ்சு பொரிக்கற ஒரு ஜோடிகூட இல்ல. 1970ல கார்னெல் பல்கலைக்கழகத்துல டாம் கேட்னு ஒரு பறவையியலாளர் இதுங்கள மீட்க பெரிக்ரின் ஃபண்ட்ங்கற அமைப்ப ஆரம்பிச்சார், 1972ல டிடிடிக்கும் தடை வந்துச்சு. கூண்டுல பொரிச்ச குஞ்சுங்கள அஞ்சு வார வாக்குல மலை விளிம்புலயோ, கோபுரத்துலயோ, உயரமான கட்டடத்து மாடிலயோ ஒரு பெட்டிக்குள்ள வெப்பாங்க, ஆள் தெரியாம குழாய் வழியா கறிய தள்ளுவாங்க, வயசு வந்ததும் முன்கதவத் திறந்து விட்டுடுவாங்க. அங்க அப்பாவும் இல்ல அம்மாவும் இல்ல. அந்தக் குஞ்சுங்க தானா பறந்து, தானா இறங்கி, சில வாரத்துல தானா வேட்டையாடவும் கத்துக்கிச்சு. இப்படி ஆயிரக்கணக்குல விட்டதுல இருந்துதான் அந்த இனம் மீண்டு வந்துச்சு, 1999ல அமெரிக்காவோட அழிவாபத்துப் பட்டியல்ல இருந்தே பெரிக்ரின எடுத்தாங்க. இப்ப அமெரிக்காவுல எத்தனையோ நகரங்கள்ல பாக்கற வல்லூறுங்க அப்படி விட்டதுங்களோட வாரிசுங்கதான். அதனால பெத்தவங்க சொல்லித் தந்தாத்தான் பறக்கும்ங்கறது சரியில்ல.

அப்போ விளிம்புல நின்னு நாள் பூரா சிறகடிக்குதே, அது எதுக்குன்னு கேப்பீங்க. தசை பலமாகறதுக்கு உதவும்னு நினைக்கறதுல தப்பில்ல, ஆனா அது பறக்கறதுக்கான பயிற்சியேதான்னு அடிச்சுச் சொல்ல அந்தப் புறா சோதனை இடம் கொடுக்கல. நீங்க கவனிக்க வேண்டியது அது எப்படி மாறுதுங்கறத. மூணு வாரத்துல வெள்ளப் பஞ்சுக்கு நடுவுல பழுப்பு இறகு முளைக்கும், அஞ்சு வாரத்துல உடம்பு முழுக்க பழுப்பாகி அங்கங்க பஞ்சு தொங்கும், கடைசியா உச்சந்தலைல மட்டும் கொஞ்சம் பஞ்சு மிச்சம் இருக்கறப்போ இன்னும் ஓரிரு நாள்ல கிளம்பும்னு அர்த்தம். அந்தக் கட்டத்துல காத்து அடிக்கற பக்கம் முகத்த வெச்சு சிறக விரிச்சா கால் தரைய விட்டு ஒரு அடி எழும்பும், அதுவே பயந்து திரும்ப விளிம்ப இறுக்கிப் பிடிச்சுக்கும். அப்ப ஒரு பலத்த காத்து வந்தா அது நினைக்காமலே வெளிய போயிடறதும் உண்டு, முதல் பறப்புல கொஞ்சம் இப்படி விபத்தா நடக்கறதுதான். பெரிக்ரின் பொதுவா 38ல இருந்து 45 நாளுக்குள்ள கிளம்பும். ஆண் குஞ்சு உருவத்துல பெண்ண விட மூணுல ஒரு பங்கு சின்னது, அதனால ரெண்டு மூணு நாள் முன்னாடியே போயிடும். கடைசி வரைக்கும் விளிம்புலயே உக்காந்திருக்கறத பாத்து எல்லாரும் அது பயந்தாங்கொள்ளின்னு பேசுவாங்க, பெரும்பாலும் அது பெண் குஞ்சா இருக்கும், உடம்பு பெருசு, வளர நாள் ஆகுது, அவ்ளோதான்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். பறக்கறது சும்மா வருது, இறங்கறது அப்படி வராது. ஓடற பஸ்ஸுல ஏறிடலாம், நிக்காத பஸ்ஸுல இருந்து இறங்கறதுதான் கஷ்டம், அந்த மாதிரி. விளிம்புல கால் படற அந்த நொடில வேகம் கிட்டத்தட்ட பூஜ்யமா ஆகணும். அதுக்கு உடம்ப செங்குத்தா நிமித்தணும், வால விசிறியா விரிக்கணும், சிறகோட முன்பக்கம் கட்டை விரல் மாதிரி இருக்கற சின்ன இறகுக் கொத்த தூக்கணும், அப்பதான் காத்து சிறகுல இருந்து பிச்சுக்காம கடைசி வரைக்கும் தாங்கும். பெரிய பறவை வர்ற விதத்தப் பாருங்க, அது விளிம்போட உயரத்துக்கு நேரா வராது, கொஞ்சம் கீழ இருந்து வந்து கடைசில மேல எழும்பும், ஏறறப்போ வேகம் தானா குறைஞ்சுடும், பிரேக் போட்ட மாதிரி பூ மாதிரி வந்து உக்காரும். குஞ்சுக்கு இது தெரியாது. நேரா, வேகமா வரும், சுவத்துக்கு ரெண்டு அடி முன்னாடிதான் ஐயோன்னு கால நீட்டும். மோதி சறுக்கும், இல்லனா திட்டுக்கு மேல தாண்டிப் போயிடும், இல்லனா செங்குத்தான சுவத்த நகத்தால பிறாண்டிக்கிட்டே அடுத்த திட்டு கிடைக்கற வரைக்கும் கீழ வரும். உங்க குஞ்சு ஏழெட்டு மாடி கீழ போய் ஒட்டிக்கிட்டதும் அநேகமா இப்படித்தான். ஒரு திட்டு கிடைச்சுது, கால் நின்னுச்சு, அது நல்ல தொடக்கம்.

காத்தும் சேந்து படுத்தும். காத்த எதிர்த்து இறங்கினா வேகம் குறையும், முதுகுல காத்து தள்ளறப்போ இறங்கினா வேகம் கூடும், இது பெரியதுங்களுக்கு அத்துப்படி, குஞ்சு அத மோதி மோதித்தான் கத்துக்கும். கட்டடத்தோட காத்தடிக்கற பக்கம் காத்து சுவத்துல முட்டி மேல ஏறும், அங்க குஞ்சு சிறகடிக்காமலே மிதக்கும், ஆனா மூலை திரும்பினா திடீர்னு வேகம் கூடும், பின்பக்கம் போனா காத்து சுழலும், அங்க தாங்கறதுக்கு ஒண்ணும் இல்லாம தொப்புனு இறங்கும். இதுக்கு மேல கண்ணாடிச் சுவர் வேற. வானமும் எதிர்க் கட்டடமும் அதுல தெரியும், குஞ்சுக்கு அது திறந்த வெளி. என்கிட்ட வந்த நகரத்து குஞ்சுங்கள்ல எனக்கு ரொம்ப வலிச்சது கண்ணாடில மோதினதுங்கதான், ஏன்னா அதுங்க எல்லாத்தயும் சரியாத்தான் பண்ணியிருக்கும்.

பட்டினி போட்டுக் கிளப்பற விஷயத்துக்கு வரேன், இதுல நான் உங்க அளவுக்கு உறுதியா பேச மாட்டேன். இரையோட வந்து சுத்திக் காட்டிட்டுப் போறத நிறைய பேர் பாத்திருக்காங்க, நானும் பாத்திருக்கேன், காட்சி உண்மை. அதுக்கு என்ன அர்த்தம்ங்கறதுதான் சண்டை. ஒரு விளக்கம் நீங்க சொன்னதுதான், ஆசை காட்டி வெளிய இழுக்குது. இன்னொரு விளக்கமும் இருக்கு: அஞ்சு ஆறு வாரக் குஞ்சுங்க உருவத்துல பெத்ததுங்க அளவுக்கு வந்துடும், இரைய கண்டா மூணும் மேல விழுந்து பிடுங்கும், காலயும் சேத்து கவ்வும், அதனால பெரியதுங்க விளிம்புல இறங்கவே தயங்கி, வந்து பாத்துட்டுத் திரும்பிடும், இல்ல தூக்கிப் போட்டுட்டு ஓடிடும். இதுல கத்துக்கொடுக்கற எண்ணமே தேவையில்ல. கீழ நின்னு பாக்கற நமக்கு ரெண்டுமே ஒரே மாதிரிதான் தெரியும். எனக்கு ரெண்டாவது விளக்கம்தான் அதிகம் பொருந்தறதா படுது, ஆனா அது என் அபிப்பிராயம்தான். பட்டினின்னு சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் பாருங்க, குஞ்சோட நெஞ்சுக்கு மேல கழுத்தடில தீனிப்பை இருக்கும், சாப்பிட்டிருந்தா அது உருண்டையா புடைச்சுத் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு தடவயாவது அது புடைச்சிருந்தா அங்க பட்டினி எதுவும் நடக்கல.

இப்ப உங்க திட்டுல கிடக்கற குஞ்சு. முதல் பறப்புக்கு அப்புறம் ஒரே இடத்துல மணிக்கணக்கா, சில சமயம் ஒரு நாள் பூரா இருக்கறது சகஜம். இன்னொண்ணு, வல்லூறு குஞ்சுங்க குப்புறப் படுத்துத் தூங்கும், ஒரு சிறகும் காலும் பக்கத்துல நீட்டி, தலைய கீழ வெச்சு, பாக்க செத்துப் போன மாதிரியே இருக்கும். காவல் நிக்கறப்போ வர்ற பதட்டமான போன்ல பாதி இதுக்குத்தான் வரும். பைனாகுலர்ல கொஞ்ச நேரம் பாருங்க, ஒரு கண்ணத் திறக்கும், ஈ வந்தா தலைய ஆட்டும், பெரிய பறவை அந்தப் பக்கம் போனா உடனே எழுந்து கத்தும். பெத்ததுங்களுக்கு அது எங்க இருக்குன்னு தெரியும், அந்தக் கத்தல் சத்தமே வழிகாட்டும், அங்கயே இரைய கொண்டு வந்து தரும். அதுவும் ஒரேயடியா மேல போகாது, ஒரு திட்டுல இருந்து அடுத்த திட்டு, அங்கருந்து பக்கத்துக் கூரைன்னு படிப்படியாத்தான் ஏறும்.

எப்ப தலையிடணும்னா, அது தரைல இருந்தா. தரைல இருந்து எழும்பறதுக்கு நிறைய பலம் வேணும், இந்த வயசுல அது இருக்காது, உயரம் கிடைச்சாத்தான் பறக்கும், கீழ கார், நாய், கூட்டம்னு எல்லா ஆபத்தும் இருக்கு. முதல்ல ஆளுங்கள விலக்குங்க, உங்க ஊர் வனத்துறைக்கோ பறவை மீட்கறவங்களுக்கோ போன் பண்ணுங்க, பல நாடுகள்ல இந்தப் பறவைய தொடறதுக்கே சட்டத்துல தடை இருக்கு. அவங்க வர்றதுக்குள்ள வண்டில அடிபட்டுடும்ங்கற நிலைமைன்னா பெரிய துண்ட மேல போட்டு, சிறக உடம்போட சேத்து அணைச்சு, கால்கள் மேல கவனம் வெச்சு எடுங்க, ஏன்னா அலகவிட நகம்தான் ஆபத்து. காத்து ஓட்டை போட்ட அட்டைப் பெட்டில, இருட்டா, அமைதியா வைங்க. சாப்பாடு வேண்டாம், தண்ணி வேண்டாம், வாய்ல எதயும் ஊத்தாதீங்க, ஆரோக்கியமான குஞ்சு ஒரு நாள் சாப்பிடாம தாங்கிடும். அடிபடலன்னா அவங்க அத பக்கத்துல ஒரு உயரமான கூரைல விடுவாங்க. கூட்டுலயே ஏன் திரும்ப வைக்கலன்னு கோபப்படாதீங்க, அங்க ஆள் போனா மிச்ச ரெண்டும் பயந்து நேரத்துக்கு முன்னாடியே குதிச்சுடும். திட்டுலயே இருந்தாலும் ஒரு சிறகு மட்டும் தொங்கறது, ஒரு கால ஊனாம இருக்கறது, அலகுல ரத்தம், பெரிய பறவை வந்தும் கண்டுக்காம கண்ண மூடியே இருக்கறது, இதுல எது தெரிஞ்சாலும் காத்திருக்காம போன் பண்ணுங்க. வெயில்ல ரெண்டு சிறகயும் தொங்கப் போட்டு வாயத் திறந்திருந்தா அது உடம்பச் சூடு தணிச்சுக்குது, பயப்பட வேண்டாம்.

இனிமே வர்ற வாரங்கள்தான் பாக்கறதுக்கு உண்மையிலேயே அருமையானது, பல பேர் முதல் பறப்பு முடிஞ்சதும் பைனாகுலர எடுத்து உள்ள வெச்சுடறாங்க. முதல் வாரம் பூரா இறங்கறதுலயே போகும். சிறகடிப்பு வேகமா, மேலோட்டமா, பதட்டமா இருக்கும், வால் நுனி இறகும் சிறகு இறகும் இன்னும் முழுசா நீளல. குஞ்சுங்களுக்கு வால் பெரியதுங்களத விட கொஞ்சம் நீளமாவே வளரும், ஆரம்பத்துல அது உதவியா இருக்கும். அடுத்த வாரம் பெரியதுங்கள துரத்த ஆரம்பிக்கும், கத்திக்கிட்டே, விடாம. அப்ப இரைய வானத்துலயே கைமாத்தறத பாப்பீங்க. பெரிய பறவை மேல இருந்து நழுவ விடும், இல்ல குஞ்சு கீழ வந்து மல்லாக்கத் திரும்பி காலோட காலா வாங்கிக்கும். முதல்ல நழுவிப் போயிட்டே இருக்கும், கீழ விழறதுக்குள்ள பெரியது பாஞ்சு அதையே பிடிச்சு மேல கொண்டு வந்து திரும்பப் போடும். எத்தன வருஷம் பாத்தாலும் எனக்கு அந்த இடத்துல மூச்சு நின்னுடும். கூடப்பிறந்ததுங்க ஒண்ணு மேல ஒண்ணு பாயும், நகத்தக் கோத்துக்கிட்டு உருளும், பறக்கற இலைய பிடிக்கும், தும்பியத் துரத்தும். முதல்ல தானா பிடிக்கற இரை பெரும்பாலும் பூச்சியாத்தான் இருக்கும்.

அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சு சில பெரிய பறவைங்க உயிரோட இருக்கற இரைய கொண்டு வந்து குஞ்சுங்க முன்னாடி விடறதயும் பாத்துப் பதிவு பண்ணியிருக்காங்க. கத்துக்கொடுக்கறதுன்னு ஒண்ணு இருந்தா அது இங்கதான் இருக்கணும். 1992ல கேரோ, ஹவ்சர்னு ரெண்டு ஆய்வாளருங்க விலங்குகள் கத்துக்கொடுக்கறதுக்கு ஒரு அளவுகோல் வெச்சாங்க: தெரியாத ஒண்ணு முன்னாடி மட்டும் பெரியது தன் நடத்தைய மாத்திக்கணும், அதனால அதுக்கு உடனடி லாபம் இருக்கக் கூடாது, சின்னது அதனாலயே சீக்கிரமா கத்துக்கணும். முதல் ரெண்டும் இங்க பொருந்தற மாதிரிதான் இருக்கு. மூணாவதத்தான் நிரூபிக்கறது கஷ்டம், பெட்டில இருந்து விட்ட அநாதைக் குஞ்சுங்க இது எதுவுமே இல்லாம வேட்டையாடிச்சே. என் கணக்குல பெத்ததுங்க கொடுக்கற பெரிய விஷயம் சாப்பாடும் அவகாசமும்தான். அஞ்சாறு வாரம், சில சமயம் அதுக்கும் மேல, நூறு தடவ தப்பா பாஞ்சாலும் சாயங்காலம் வயிறு நிறையும். பெரியதுங்களே பாயற பாய்ச்சல்ல பாதிக்கு மேல கோட்டை விடும், அப்ப குஞ்சுக்கு எவ்ளோ அவகாசம் வேணும்னு பாத்துக்கோங்க. அப்படியும் முதல் வருஷத்துல பாதிக்குப் பாதி, சில இடங்கள்ல அதுக்கு மேலயும் செத்துப் போயிடும், இத உங்ககிட்ட மறைக்க விரும்பல. நகரத்துல பெரிய ஆந்தைத் தொல்லை குறைவு, இரை நிறைய, காவலுக்கு ஆள் உண்டு, பதிலுக்கு கண்ணாடியும் காரும் இருக்கு.

பாக்கறதுக்கு விடியக்காலமும் சாயங்காலமும் நல்ல நேரம், அப்பதான் சாப்பாடு வரும். கூட்டுக்கு நேர் கீழ நிக்காம, அகலமா தெரியற மாதிரி தள்ளி நில்லுங்க, 8 மடங்கு பைனாகுலர் போதும். ட்ரோன் வேண்டவே வேண்டாம், பெரிய பறவை அத எதிரின்னு நினைச்சு மேல பாயும், ட்ரோனோட சுத்தற விசிறில சிறகு மாட்டினா முடிஞ்சுது. கேக் கேக்னு விடாம வேகமா கத்தினா யாரோ கூட்டுக்குக் கிட்ட போறாங்கன்னு அர்த்தம், கட்டட நிர்வாகத்துக்கிட்ட பேசி இன்னும் ஒரு மாசத்துக்கு ஜன்னல் துடைக்கற வேலையயும் கூரை வேலையயும் அந்தப் பக்கம் தள்ளி வைக்கச் சொல்லுங்க, இப்போதைக்கு உங்களால பண்ண முடிஞ்ச பெரிய உதவி அதுதான். குஞ்சுங்க கால்ல அடையாள வளையம் இருக்கான்னும் பாருங்க, மூணு வாரத்துலயே மாட்டியிருப்பாங்க, அதுக்கு அப்புறம் கிட்ட போனா குதிச்சுடும்னு யாரும் போக மாட்டாங்க. வளையத்துல நிறமும் எழுத்தும் தெரிஞ்சா எழுதி வெச்சு, உங்க நாட்டுல வளையம் போடறவங்களுக்கு அனுப்புங்க, இதுங்க அப்புறம் எங்க போச்சு, எத்தன வருஷம் இருந்துச்சுன்னு யாருக்காவது தெரியணும்னா அந்தக் குறிப்புல இருந்துதான் தெரியும்.